நாவின் பிழையும் கையின் பிழையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புலவர் பெருமக்கள் பலர் நின்று பேசிய மேடை இது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட இரயில்வே எழுத்தன் ஒருவன் இங்கே ஏறி நின்று எழுத்துகளைப் பற்றிப் பேச முற்படுவது துணிச்சல்தான். எழுத்தர் என்னும் பதவிப் பெயருக்குள் எழுத்து இருக்கிறதே என்ற ஒரே உரிமையைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆயினும் செயலாளர் அவர்கள், "நீங்கள் வீட்டில் செய்ததைச் சொன்னால் போதும்" என்று வற்புறுத்தியதால் இசைந்தேன்.

ஊருக்குப் போய்வரும் நம்மவர் நன்கறிந்த வண்டி, திருக்குறள் விரைவு வண்டி. கன்னியாகுமரியிலிருந்து புறப்பட்டு ஹஜ்ரத் நிஜாமுத்தீன் நிலையத்தில் வந்து சேர்கிறது. வண்டியின் பெயரில் ஒரு றகரமும் ஒரு ளகரமும் இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டால் அவை ரகரமோ றகரமோ, லகரமோ ளகரமோ என்பது தெரியாது. வந்து சேரும் நிலையத்தின் பெயரிலும் இதே கதைதான். 'ஹஜ்ரத்' என்பதன் நடுவே நிற்பது ளாத் என்னும் அரபு எழுத்து. 'நிஜாம்' என்பதன் நடுவே நிற்பது ளா என்னும் வேறோர் அரபு எழுத்து. தில்லி மக்களின் நாவிலோ இரண்டும் சீறி ஒலிக்கும் ஒரே ஜகரமாகிவிட்டன. எழுத்து இரண்டு, ஒலி ஒன்று. இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வாய்த்ததன்று என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

இனி, என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டு, திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் தன் ஆச்சிக்கு முதன்முதலாக ஒரு கடிதம் எழுதினாள். தீபாவளியன்று குடியிருப்பு நண்பர்கள் வீட்டில் கூடியிருந்தபோது, பெருமையோடு அக்கடிதத்தை எடுத்து நான் உரக்கப் படித்தேன். "ஆச்சி, நான் தினமும் பல்லிக்குப் போகிறேன். அங்கே எனக்கு ஒரு நல்ல தோலி இருக்கிறாள். நேற்று எனக்குக் கால் வழி." கூடியிருந்தோர் அனைவரும் சிரித்தனர். எல்லாரினும் மிகுதியாகச் சிரித்தவன் நான். குழந்தையும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு மெல்ல உள்ளே போய்விட்டாள். அந்தக் கடிதம் அஞ்சலில் சேரவில்லை. மறுநாள் குப்பைக் கூடையில் நான்காகக் கிழிந்து கிடந்ததை என் இல்லாள் எடுத்துக் காட்டினாள். அதன் பின்னர் ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு நேரம் நெருங்கும்போது மகளுக்கு வயிற்று வலி வரும். நான்கு மாதங்கள் வந்தது.

இத்தனைக்கும், சிரிப்புக்கு ஆளாவது எப்படியிருக்கும் என்பதை அறியாதவனல்லேன். தில்லிக்கு வந்த புதிதில் ஓர் உணவு விடுதியில் அமர்ந்து, சாப்பாடு வேண்டும் என்று இந்தியில் கேட்டேன். சாப்பாட்டுக்குரிய சொல்லில் முதலெழுத்தை மூச்சு விட்டு அழுத்த வேண்டும். மூச்சின்றிச் சொன்னால் ஒற்றைக்கண்ணன் என்று பொருள். குரலை ஏற்றிச் சொன்னால் பாட்டு என்று பொருள். நாம் தமிழில் எழுதும்போது மூன்றும் 'கானா'தான்! பரிமாறுபவன் என் முகத்தைப் பார்த்து, "ஐயா, எந்தக் கண் இல்லாதவன் வேண்டும்?" என்று கேட்டான். அன்று அவமானத்தால் பசியே அடங்கிப் போயிற்று. அப்படிப்பட்டவன் பெற்ற மகளைப் பார்த்துச் சிரித்தேன்.

என் அலுவலகத்து நண்பர் ஒருவர், கீழக்கரையைச் சேர்ந்தவர், எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார். பாய் என்றுதான் நாங்கள் எல்லாரும் அழைப்போம். மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பார். நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர். ஏனையோர் தில்லிப் பிள்ளைகள். ஓய்வாக இருந்த ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையோரம் அமர்ந்து கவனித்தேன். அன்று கண்டதே இன்றைய என் பேச்சுக்கு வித்து.

அரபியில் இருபத்தெட்டு எழுத்துகள். அவற்றில் நம் செவிக்கு ஒன்றுபோல் ஒலிப்பவை பல. தகரம் போன்றவை இரண்டு. ஸகரம் போன்றவை மூன்று. ஹகரம் போன்றவை இரண்டு. ககரத்தை ஒத்தவை இரண்டு. இவற்றை மாற்றிச் சொன்னால் விளையாட்டாகப் போய்விடாது. ஒரு ககரத்தைத் தொண்டையின் உள்ளே, அடிநாவால் ஒலித்துக் 'கல்ப்' என்றால் இதயம். அதையே சற்று முன்னே கொண்டுவந்து நாம் சொல்லும் ககரமாக ஒலித்தால் நாய். ஒரு வகைத் தகரத்தால் 'தீன்' என்றால் அத்திப்பழம். நாவின் பின்புறத்தை உயர்த்தி வாயை நிறைத்துச் சொன்னால் களிமண். இறைவனை நோக்கி இதயம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாய் என்று சொல்லிவிடலாகாது என்னும் அச்சம் ஓதுவோர்க்கு உண்டு. அந்த அச்சமே ஒலிப்பு முறையை ஒரு தனிக் கலையாக வளர்த்து வைத்திருக்கிறது. தஜ்வீத் என்று அதற்குப் பெயர்.

பாய் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகள் கையில் அன்று எழுதுகோலே இல்லை. எழுத்தின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதன் வீட்டைக் கேட்டார். "இந்த எழுத்து எங்கே குடியிருக்கிறது? தொண்டையிலா, அண்ணத்திலா, பல்லோரத்திலா, உதட்டிலா?" பிள்ளைகள் விரலால் தொட்டுக் காட்டினர். தொண்டை எழுத்துகளுக்குக் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தனர். வீடு தெரியாத எழுத்துக்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. எழுத்தை உயிர் நீக்கி மெய்யாக்கி, அதற்கு முன்னால் ஓர் அகரத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். 'அத்', 'அஸ்', 'அக்' என்பன போல. ஒலி எங்கே போய் முட்டி நிற்கிறதோ அதுவே அதன் வீடு. ஒரு சிறு கண்ணாடியும் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. நாவின் நுனி பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா, உள்ளேயே பதுங்கிக்கொள்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளையும் பார்த்துக்கொண்டது.

தில்லிப் பையன் ஒருவன் மூன்று எழுத்துகளையும் ஜகரமாகவே சொன்னான். பாய் கோபிக்கவில்லை; திருத்திச் சொல்லவும் இல்லை. முதலெழுத்துக்கு நுனிநாவை மேற்பல்லின் விளிம்பில் வைக்கச் சொன்னார். அங்கிருந்து நகராமல் அடிநாவை மட்டும் உயர்த்தச் சொன்னார்; அது ளா ஆயிற்று. பிறகு நாவின் பக்கவிளிம்பைக் கடைவாய்ப் பற்களோடு சேர்க்கச் சொன்னார், ளாத் பிறந்தது. தன் வாயில் மூன்று இடங்களைக் கண்டுகொண்ட பிறகு அவன் செவியும் மூன்று ஒலிகளைக் கேட்கத் தொடங்கிற்று. செவி கேட்டால்தான் வாய் சொல்லும் என்று எண்ணியிருந்தேன். வாய் முதலில் கற்றுக்கொண்டு செவிக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன்.

இவ்விடத்தில் ளாத் என்னும் எழுத்தைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். அரபியர் தம் மொழியை ளாத்தின் மொழி என்றே பெருமையாகச் சொல்லிக்கொள்வர். நாம் ழகரத்தைச் சொல்லிப் பெருமிதம் கொள்வது போலத்தான். தில்லியில் 'ரம்ஜான்' என்று கேட்கிறோம். நம் ஊர் இஸ்லாமியப் பெருமக்கள் 'ரமளான்' என்று எழுதுகின்றனர். கடமைத் தொழுகையைப் 'பர்ளு' என்கின்றனர். அரபு எழுத்துக்கு நம் முன்னோர் ளகரத்தைக் கொடுத்தது ஏன்? எட்டாம் நூற்றாண்டில் அரபிக்குப் பேரிலக்கணம் வகுத்த ஸீபவைஹி, ளாத் நாவின் பக்கவிளிம்பில் கடைவாய்ப் பற்களையொட்டிப் பிறப்பது என்று சொல்லியிருக்கிறார். பக்கவிளிம்பு வழியே காற்று வரும் ஒலி லகர ளகர இனத்தைச் சேர்ந்ததாகத்தானே இருக்கும்? இன்னொரு கோடியில் ஸ்பானியரும் அரபியரிடம் 'அல்காளி' என்னும் நீதிபதியின் பெயரைக் கேட்டு 'அல்கால்தே' என்று ஆக்கிக்கொண்டனர். அங்கும் ஒரு லகரம் ஒட்டிக்கொண்டது. இன்றைய அரபு நாடுகள் பலவற்றில் அவ்வொலி மாறிவிட்டது. இதனால் நம்மவர் சொல்வதே முற்றும் சரி என்று மார்தட்டவும் வழியில்லை. நம் ஊரில் ளாத்துக்கும் ளகரம், ளாவுக்கும் ளகரம். நண்பகல் தொழுகையை 'ளுஹர்' என்று எழுதுகிறோம். "தில்லிப் பிள்ளைகளை ஜகரத்திலிருந்து மீட்க வேண்டும், கீழக்கரைப் பிள்ளைகளை ளகரத்திலிருந்து மீட்க வேண்டும்" என்று பாய் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இதே கீழக்கரையில்தான் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத் தமிழில் நூல்கள் இயற்றினார். அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளை அதில் எழுதிக்காட்டும் முறை அது. ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழியின் எழுத்துக்குள் இழக்காமல் கொண்டுபோக வேண்டும் என்று மெனக்கெட்டவர்கள் நம்மவர்கள்.

உருதுவின் நிலை வேறு. அரபியின் எழுத்துகளை அது விடாமல் காத்துக்கொண்டது. ஒலிகளைப் பலவிடத்தும் ஒன்றாக்கிவிட்டது. ஜகரம் போன்ற ஒலிக்கு நான்கு எழுத்துகள், ஸகரத்துக்கு மூன்று. ஆதலின் உருது படிக்கும் பிள்ளைகள் ஹகரங்கள் இரண்டையும் 'பெரிய ஹே', 'சின்ன ஹே' என்று பெயர் சொல்லி அடையாளம் வைத்துக்கொள்கின்றனர். இதைக் கேட்டதும் எனக்கு நம் வகுப்பு நினைவு வந்தது. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, சின்ன ர, பெரிய ற! ஓர் எழுத்தைச் சுழியாலும் பருமனாலும் அடையாளம் சொல்லத் தொடங்கினோமானால், அதன் ஒலி நம் நாவை விட்டு நழுவுகிறது என்பதற்கு அதுவே சான்று.

நான் சொல்ல வந்த கருத்து இதுதான். பிழைகளில் நாவின் பிழை ஒன்று, கையின் பிழை ஒன்று. 'பள்ளி'யைப் 'பல்லி' என்று என் மகள் எழுதியது கையின் பிழையன்று. அவள் வாயில் அந்தச் சொல் அப்படித்தான் இருந்தது. அவள் கேட்டபடியே நேர்மையாக எழுதியிருந்தாள். அதற்குச் சிவப்பு மையால் சுழித்துப் பத்து முறை எழுதச் சொல்வது, கால் நொண்டுபவனுக்குச் செருப்பை மாற்றிக் கொடுப்பது போன்றது. நாவுக்குத்தான் வழி காட்ட வேண்டும். ஆனால் 'அறம்' என்பதை 'அரம்' என்று ஒரு பிள்ளை எழுதினால், அது பெரும்பாலும் கையின் பிழை. தமிழ்நாட்டில் வளர்ந்த நாமே பலர் ரகர றகரங்களை ஒன்றுபோலத்தானே ஒலிக்கிறோம்? நம்மிடம் இல்லாத ஒலியைப் பிள்ளை எங்கிருந்து கேட்கும்? அங்கே வாயைப் பார் என்பது வீண்; நினைவும் இலக்கணமுமே துணை.

நகர னகரமும் அத்தகையதே. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் வருவது ந. பிற இடங்களில் பெரும்பாலும் ன. இதைச் சொல்லிவிட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் பிடிபடுகிறது. நம் மலையாள நண்பர்களைக் கேளுங்கள்; அவர்கள் இவ்விரு ஒலிகளையும் தெளிவாக வேறுபடுத்திச் சொல்கின்றனர், எழுதுவதோ ஒரே எழுத்து. நமக்கு எழுத்து இரண்டு, ஒலி ஒன்று. அவர்களுக்கு ஒலி இரண்டு, எழுத்து ஒன்று. பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ல, ள, ழ மூன்றும் அப்படியல்ல. இவை இன்னும் உயிரோடு இருக்கும் ஒலிகள். தொல்காப்பியம் பிறப்பியல் என்று ஓர் இயலையே ஒதுக்கி, ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே, எவ்வாறு பிறக்கிறது என்று சொல்கிறது. ஸீபவைஹி பதினாறு பிறப்பிடங்களைப் பிரித்துக் காட்டியது போன்ற பணி இது. அவர் பாரசீக இனத்தவர்; அரபியைப் பயின்று பெற்றவர். அயலிலிருந்து வந்தவரே ஒலியை இவ்வளவு நுணுகிப் பார்த்திருக்கிறார் என்பது தில்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதல்.

தொல்காப்பியத்தில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. ழகரத்தை நாம் எப்போதும் ளகரத்தின் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். தொல்காப்பியரோ லகர ளகரங்களை ஓரிடத்திலும், ரகர ழகரங்களை வேறோரிடத்திலும் சேர்த்து வைக்கிறார். இது பெரிய உதவி. என் மகளிடம் 'அள்' சொல், பிறகு 'அழ்' சொல் என்றபோதெல்லாம் இரண்டும் ஒன்றாகவே வந்தன. 'அர்' என்று தொடங்கி, நுனிநாவை அண்ணத்தில் ஒட்டவிடாமல் மெல்லப் பின்னே சுருட்டச் சொன்னேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செய்தாள். மூன்றாம் நாள் வந்தது ழகரம்! ளகரத்தில் நா ஒட்டும், ழகரத்தில் ஒட்டாது, அவ்வளவுதான் வேறுபாடு. அதைப் 'பெரிய ள', 'சிறப்பு ழ' என்றெல்லாம் சொல்லி நான்கு மாதம் குழப்பியிருந்தேன்.

ஒலிப்பு வந்த பின்னும் எழுதும்போது ஐயம் எழும். அதற்குச் சொல்லே விடை சொல்லும். ல் மாறும்போது றகர னகரமாகும்: கல் என்பது கற்கள், செல் என்பது சென்றான். ள் மாறும்போது டகர ணகரமாகும்: முள் என்பது முட்கள், கொள் என்பது கொண்டான். ழ் தன்னிலை மாறாது: வாழ், வாழ்ந்தான்; சூழ், சூழ்ந்தான். இதை விளையாட்டாகப் பிள்ளைகளிடம் கேளுங்கள். 'ஆள்' என்றால் 'ஆண்டான்'; ஆகவே ளகரம் என்று அவர்களே கண்டுபிடித்துத் துள்ளுவர்.

செவியைப் பற்றியும் ஒரு சொல். 1984 ஆம் ஆண்டு வெர்க்கர், டீஸ் என்னும் ஆய்வாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த கைக்குழந்தைகள் ஆறு, ஏழு மாதத்தில் இந்தியின் தகர டகர வேறுபாட்டை நன்றாக உணர்கின்றன. ஒரு வயது நிறைவதற்குள் அந்தத் திறனில் பெரும்பகுதி மங்கிவிடுகிறது. வீட்டில் கேட்காததைச் செவி கைவிடுகிறது. கைவிட்டதை மீட்கவே முடியாதா? முடியும் என்கிறது பின்வந்த ஆய்வு. ரகர லகரங்களைப் பிரித்துணராத ஜப்பானியர்க்கு 1991 ஆம் ஆண்டு வெளியான ஒரு முயற்சியில் பலர் குரலில், பல சொற்களில் அவற்றைக் கேட்கச் செய்தபோது தேர்ச்சி கூடிற்று. ஒரே ஆசிரியர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, மாமாவும் அத்தையும் ஆச்சியும் தொலைபேசியில் பேசுவது மேல்.

"சென்னையிலேயே பலர் வாளப்பளம் என்கின்றனர், தில்லிக் குழந்தையை மட்டும் ஏன் வாட்டுகிறீர்?" என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. சென்னைக் குழந்தைக்குத் தெருவெல்லாம் தமிழ் எழுத்து. எப்படிச் சொன்னாலும் கடைப் பலகையில் 'வாழை' என்றே பார்த்து வளரும். நம் குழந்தை பார்ப்பது ஆங்கிலப் பலகை. விழுப்புரம் நிலையத்தின் பெயரை ஆங்கிலத்தில் 'வில்லுப்புரம்' என்று படித்துவிட்டு, "அப்பா, அங்கே வில் செய்வார்களா?" என்று என் மகள் கேட்டாள். கண்ணுக்குக் கிடைக்காததை நாவுக்காவது கொடுத்தாக வேண்டும். நூறு விழுக்காடு ஒலித் தூய்மை வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளை தன் ஆச்சிக்கு அச்சமின்றி எழுத வேண்டும். எனக்கு வேண்டியது அதுவே.

பாய் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, கண்ணாடியை என் மகள் கையில் கொடுத்து, தனக்குப் 'பள்ளிவாசல்' என்று சொல்லிக் காட்டும்படி கேட்டார். தாமும் நாவைச் சுழற்றிக் கோணலாக முகம் காட்டினார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தீபாவளியன்று நாங்கள் சிரித்தது போன்றதன்று. வயிற்று வலி அந்த வாரத்தோடு நின்றது.

இரண்டு மாதங்கள் சென்று ஆச்சிக்கு மறுபடியும் கடிதம் எழுதினாள். பள்ளியும் தோழியும் கால்வலியும் சரியாக இருந்தன. ஆனால் புதிதாகக் கற்ற ழகரத்தின் மேல் கொண்ட ஆசையால், "இங்கே குழிர் அதிகம்" என்று எழுதியிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. உறையில் இட்டு அஞ்சலில் சேர்த்துவிட்டேன். ஆச்சியிடமிருந்து பதில் வந்தது. "குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், தாயி" என்று இருந்தது. மகள் அந்த வரியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'அள்', 'அழ்' என்று தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வரும் வாரம் முதல் முதல் அரைமணி நேரம் இவ்வொலிப் பயிற்சிக்கென ஒதுக்கச் செயற்குழுவினர் இசைந்துள்ளனர். பாய் அவர்களும் மாதம் ஒரு முறை வந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று பிள்ளைகளுக்கு எழுதுகோலும் ஏடும் வேண்டா. ஆளுக்கொரு சிறு முகக்கண்ணாடி கொடுத்து அனுப்புங்கள். பெற்றோர் உடன் வந்தால் தமக்கும் ஒன்று கொண்டுவருவது நலம்.